ரிஸ்க்: அபாயமா, இடரா, இடர்நேர்வா?

மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரங்களின் கடைசியில் மூச்சுவிடாமல் ஒரு வரி ஓடும்: முதலீடுகள் சந்தை அபாயங்களுக்கு உட்பட்டவை. ஆங்கில ‘ரிஸ்க்’குக்கு ஈடாக அதில் வரும் ‘அபாயம்’ எனக்கு நெடுநாள் நெருடல். மின்கம்பத்தில் மண்டையோடு வரைந்து எழுதுவதும் அதே சொல்தானே? கம்பத்தைக் கண்டால் விலகிப் போவோம். நிறுவனங்களோ ரிஸ்க்கை அளந்து பார்த்து, கட்டுபடியானால் ஏற்றுக்கொள்கின்றன. கணக்கு பிசக எவ்வளவு வாய்ப்பு, பிசகினால் கையைவிட்டுப் போவது எவ்வளவு: இந்த இரண்டும் சேர்ந்ததுதான் அவர்கள் சொல்லும் ரிஸ்க்.

சொல் வளர்ந்தது கடல் வணிகத்தில். 12-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் ஜெனோவா நகரத்து ஒப்பந்தங்களில் ‘ரெசிகும்’ என்ற இலத்தீன் வடிவம் வருகிறது. கப்பலோடு சரக்கு மூழ்கினால் இழப்பு யார் தலையில் என்று எழுதிக்கொள்ளும் இடம் அது. இத்தாலியம், பிரெஞ்சு வழியாக 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. அதற்கும் முந்தைய வேர் எது என்பதில் அறிஞர்கள் ஒன்றுபடவில்லை. கடற்பாறையோடு தொடர்புடைய கிரேக்கச் சொல் என்பர் சிலர். இறைவன் அளிக்கும் வாழ்வாதாரத்தைக் குறிக்கும் ‘ரிஸ்க்’ என்ற அரபுச் சொல் என்பர் வேறு சிலர். நம் முஸ்லிம் வீடுகளில் இன்றும் அன்றாடம் புழங்கும் சொல் அது.

தமிழுக்கு வருவோம். ஆபத்து, அபாயம் இரண்டும் வடமொழி வரவு. அபாயத்துக்கு மூலப்பொருளே அழிவு, இழப்பு. ‘இடர்’ நம் சொல். ஆனால் ‘இடரினும் தளரினும்’ என்று சம்பந்தர் பாடும்போது அது துன்பப்படுதல். பேரிடர் என்றாலும் வெள்ளமோ புயலோ வந்து தாக்கிய நிலைதான் மனத்தில் நிற்கிறது. வரலாம், வராமலும் போகலாம் என்ற ஊசலாட்டம் அந்தச் சொல்லில் இல்லை. இலங்கைத் தமிழில் வங்கித்துறையும் பாடநூல்களும் எழுதும் ‘இடர்நேர்வு’ இந்தக் குறையைத் தீர்க்கிறது. நேர்தல் என்றால் நிகழ்தல். இடர் நேரக்கூடிய நிலை என்று சொல் தானே விரிகிறது. இதைவிடப் பொருத்தமான கலைச்சொல்லை நான் பார்க்கவில்லை.

பெருமுதலீட்டில் இடர்நேர்வை அளப்பது எப்படி? சந்தை அளவு, விலை, கட்டுமானச் செலவு, இயக்கச் செலவு, ஆலையின் ஆயுள் என்று ஐந்து கணிப்புகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் பலிக்க 60 விழுக்காடு வாய்ப்பு; ஒன்றையொன்று சாராதவை. ஐந்தும் ஒருசேரப் பலிக்க 8 விழுக்காடுகூட இல்லை. பெருக்கிப் பார்த்தால் தெரியும். மெக்கின்சி ஆலோசனை நிறுவனத்தின் டேவிட் ஹெர்ட்ஸ் 1964-இல் இதற்கு ஒரு வழி சொன்னார். ஒவ்வொரு கணிப்புக்கும் ஒற்றை எண் வேண்டாம். எந்த அளவுக்கு எவ்வளவு வாய்ப்பு என்ற வீச்சைக் கொடுங்கள். கணினி அவற்றிலிருந்து மாற்றி மாற்றி எடுத்து, திரும்பத் திரும்பக் கணக்குப் போடும். எத்தனை முறை லாபம் வந்தது, எத்தனை முறை முதலே திரும்பவில்லை என்று பார்த்து முடிவெடுக்கலாம். மான்டி கார்லோ முறை என்பது இதுதான்.

வீச்சைத் தருவது மனிதர்கள் என்பதால், அவர்கள் எண்ணாதது கணக்கில் ஏறாது. மோட்டோரோலா முன்னின்று தொடங்கிய இரிடியம் செயற்கைக்கோள் தொலைபேசிக்குச் சுமார் 500 கோடி டாலர் செலவானது. 66 செயற்கைக்கோள்கள் வழியே 1998 நவம்பரில் சேவை தொடங்கியது. தொழில்நுட்பம் வேலை செய்தது, வாடிக்கையாளர்தான் வரவில்லை. திட்டம் உருவாகிக்கொண்டிருந்த ஆண்டுகளுக்குள் சாதாரண செல்பேசி ஊர் ஊராகப் பரவிவிட்டது. இரிடியம் கருவியின் விலையோ ஏறத்தாழ 3,000 டாலர். கட்டடத்துக்குள் நின்றால் இணைப்பும் கிடைக்காது. 1999 ஆகஸ்டில் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. அடுத்த ஆண்டு அதன் சொத்துகள் எல்லாம் சேர்த்து 2.5 கோடி டாலருக்குக் கைமாறின.

அளக்க முடிந்ததையும் அளக்கவே முடியாததையும் பொருளியலாளர் ஃபிராங்க் நைட் 1921-லேயே பிரித்து வைத்தார். முன்னதற்கு இடர்நேர்வு, பின்னதற்கு உறுதியின்மை என்று எழுதலாம். கடன் இடர்நேர்வு, நாணயமாற்று இடர்நேர்வு என்று கூட்டுச்சொற்களும் எளிதாக அமைகின்றன. பேச்சில் இத்தனை நீளம் வேண்டியதில்லை. ‘ரிஸ்க் எடுக்கிறான்’ என்னும் இடத்தில் ‘துணிஞ்சு இறங்குறான்’ என்று ஏற்கெனவே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம்.