அந்தரத்தில் நிற்கும் கயோட்டி

கார்ட்டூனில் மலைவிளிம்பைத் தாண்டி ஓடிவிட்ட கயோட்டி (ஓநாய் போன்ற வட அமெரிக்க விலங்கு) உடனே விழாமல் அந்தரத்தில் நிற்பது ஏன் என்றும், அது விழப்போவது தெரிந்திருந்தும் ஒவ்வொரு முறையும் சிரிப்பு வருவது எப்படி என்றும் ஒரு வாசகர் கேட்டிருந்தார். சக் ஜோன்ஸ் இயக்கி 1949-இல் வெளிவந்த வார்னர் பிரதர்ஸ் குறும்படத்தில் அறிமுகமான அந்தக் கயோட்டி, ரோட் ரன்னர் என்ற வேகமாக ஓடும் பறவையைத் துரத்தி விழுந்துகொண்டே இருக்கிறது.

விளிம்பைக் கடந்த கணமே எந்தப் பொருளும் கீழிறங்கத் தொடங்கும், அதன் பாதை பரவளையம் என்பது பள்ளிப்பாடம். ஆனால், பொருள் சிறிது தூரம் நேராகச் சென்று பிறகு செங்குத்தாக விழும் என்று நம்பும் கல்லூரி மாணவர்களும் உண்டு என்பதை உளவியலாளர் மைக்கேல் மெக்லாஸ்கி 1980-களில் காட்டினார். எறியப்பட்ட பொருளுக்குள் ஏற்றப்பட்ட விசை தீரும்வரை அது நேராகப் பறக்கும் என்று கலிலியோவுக்கு முந்தைய அறிஞர்கள் சிலரும் கருதினார்கள். ஆகவே கார்ட்டூன் இயற்பியலை மீறினாலும், நம் மனத்துக்குள் இருக்கும் பழைய இயற்பியலுக்குக் கீழ்ப்படிகிறது. குனிந்து பார்த்தால்தான் விழ வேண்டும் என்ற விதி மட்டுமே அதன் சொந்தச் சரக்கு.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்குப் பின் வரும் கணக்கு. திரையில் நொடிக்கு 24 பிரேம்கள், அதாவது தனித்தனிப் படங்கள், ஓடுகின்றன. மேலிருந்து காட்டப்படும் வீழ்ச்சியில் கயோட்டி சிறுத்து மறைய 18 பிரேம்களும், அதன்பின் தரையில் மோத 14 பிரேம்களும் தேவை என்றும், அந்த 14 என்பது 13 ஆனாலும் 15 ஆனாலும் சிரிப்பு வராது என்றும் ஜோன்ஸ் கூறியிருக்கிறார். ஒரு பிரேம் என்பது ஏறக்குறைய 42 மில்லிநொடி! மொத்தம் 32 பிரேம்கள், அதாவது 1.33 நொடி; அந்த நேரத்தில் உண்மையில் விழும் பொருள் 9 மீட்டரைக்கூடக் கடக்காது. காற்றுத்தடையை விட்டுவிட்டாலும், 300 மீட்டர் பள்ளத்தில் விழ ஏறத்தாழ 8 நொடி ஆகும். அவ்வளவு நேரம் காத்திருந்தால் நகைச்சுவை செத்துவிடும். அந்தரத்தில் நிற்கும் நேரத்தைத் தாராளமாக நீட்டி, வீழ்ச்சியின் நேரத்தை ஈவிரக்கமின்றிச் சுருக்கியதில்தான் கலைஞரின் கைவண்ணம் தெரிகிறது.

பதினான்கு என்பது அனுபவத்தில் கண்ட எண்ணே தவிர, ஆய்வகத்தில் அளந்த எண் அன்று. இத்தகையவற்றை ஆய்வகத்தில் அளப்பதற்கெல்லாம் ஆராய்ச்சி நிதியா என்று முகம் சுளிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை; தாங்கலின்றி நிற்கும் பெட்டியைச் சில மாதக் குழந்தை கூடுதல் நேரம் உற்றுப் பார்க்கிறது என்பதும் இத்தகைய 'விளையாட்டு' ஆய்வுகளில் தெரியவந்ததுதான்.

தெரிந்தும் சிரிப்பதற்குக் காரணம், இங்கே நகைச்சுவை எதிர்பாராமையை மட்டும் நம்பியிருக்கவில்லை என்பதே. கயோட்டி மறைந்ததும் மூளை மோதலுக்காகக் காத்திருக்கத் தொடங்குகிறது; அந்தக் காத்திருப்பு அலுப்பாக மாறுவதற்குள் கீழே ஒரு சிறு புழுதிப்படலம் எழுகிறது, அடுத்த காட்சியில் கயோட்டி முழு உடலோடு வந்து நிற்கிறது.