சளி மாத்திரையும் அடைத்துக்கொண்ட சிறுநீரும்

மூக்கொழுகலுக்கு ஒரு மாத்திரை. வயிற்றைப் பிசைந்தால் ஒன்று. அரிப்புக்கு ஒன்று. சர்க்கரை நோயால் வரும் பாத எரிச்சலுக்கு இரவில் ஒன்று. நோயும் வேறு, வாங்கிய கடையும் வேறு. ஆனால் குளோர்பெனிரமின், டைசைக்ளோமின், ஹைட்ராக்சிசைன், அமிட்ரிப்டிலின் என்ற இந்த நான்குக்கும் உடம்புக்குள் பொதுவான ஒரு வேலை உண்டு. அசிட்டைல்கோலின் என்னும் நரம்பு வேதிப்பொருளை அவை மறித்துவிடுகின்றன. தண்டையார்பேட்டையில் முதியவர்களுக்கு வைத்தியம் பார்க்கும் எனக்கு, இந்தக் கூட்டலை யாரும் கணக்கில் வைப்பதில்லையே என்பதுதான் பெரிய கவலை.

எச்சில் ஊறவும், குடல் நகரவும், சிறுநீர்ப்பை சுருங்கவும், வியர்க்கவும், நினைவு தெளிவாக இருக்கவும் அசிட்டைல்கோலின் வேண்டும். அதை மறித்தால் வாய் உலரும், மலம் கட்டும், பார்வை மங்கும், நெஞ்சு படபடக்கும். வயதானவர்களின் ஈரலும் சிறுநீரகமும் மருந்தை மெதுவாகத்தான் வெளியேற்றும். மூளையும் எளிதில் பாதிக்கப்படும்.

காசிமேட்டில் வலை பின்னும் பெரியவர் ஒருவர், எழுபது வயதைத் தாண்டியவர். புராஸ்டேட் வீக்கத்தால் ஏற்கெனவே நீர் சொட்டுச் சொட்டாகத்தான் பிரியும். மழைக்காலச் சளிக்குக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையில் குளோர்பெனிரமினோடு பினைலெஃப்ரினும் இருந்தது. முன்னது சிறுநீர்ப்பையைத் தளர்த்தியது, பின்னது அதன் வாயை இறுக்கியது. மறுநாள் அடிவயிறு கல்லாகி வலித்தது. வாயுப் பிடிப்பு என்று நினைத்து, வீட்டிலிருந்த டைசைக்ளோமினையும் கொடுத்துவிட்டார்கள். வலிக்கு அவர்கள் கொடுத்ததே அடைப்பை மேலும் கூட்டியது. டியூப் போட்டபோது ஒரு லிட்டருக்கு மேல் நீர் வந்தது. கொடுத்த பிள்ளைகள் மீது குற்றமே இல்லை. அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் இருக்கும் பெயரை யார் படித்துச் சொன்னார்கள்?

இதைவிட எளிதில் தப்பிப்போவது மனக்குழப்பம். நேற்றுவரை நன்றாகப் பேசிய ஆயா இன்று ஆளை மாற்றிக் கூப்பிட்டால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். மறதி நோய் மாதக்கணக்கில் மெல்ல வரும். இரண்டு மூன்று நாளில் வந்த குழப்பம் என்றால், நோய்த்தொற்றோடு புதிதாகச் சேர்ந்த மாத்திரையையும் சந்தேகிக்க வேண்டும். மருத்துவர்களாகிய நாங்களும் கவனிக்க வேண்டியது உண்டு. மறதிக்கு டோனெபெசில் எழுதி அசிட்டைல்கோலினைக் கூட்டுகிறோம். அதனால் நீர் அடிக்கடி வந்தால் ஆக்சிபியூட்டினின் எழுதி அதையே மறிக்கிறோம். ஒரே சீட்டில் இரண்டும் இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

கத்திரி வெயிலில் தகரமும் ஆஸ்பெஸ்டாஸும் வேய்ந்த வியாசர்பாடி வீடுகளில் இந்த மாத்திரைகள் இன்னொரு விதத்தில் ஆபத்து. வியர்வை குறைந்தால் உடல் சூடு இறங்க வழியில்லை. தோல் காய்ந்து கொதித்து, பேச்சும் குழறினால், அது சாதாரணக் காய்ச்சல் அல்ல.

இவை கெட்ட மருந்துகள் என்று சொல்லவே மாட்டேன். அசிட்டைல்கோலினை இதேபோல மறிக்கும் வேறு மருந்துகளும் உண்டு. பூச்சிமருந்து குடித்தவரை அட்ரோபின் காப்பாற்றுகிறது. நாள்பட்ட மூச்சடைப்புக்கு டியோட்ரோபியம் இன்ஹேலர் நிம்மதி தருகிறது. மனநல மருந்துகளால் வரும் விறைப்புக்கும் நடுக்கத்துக்கும் டிரைஹெக்ஸிபெனிடில் தேவைப்படுகிறது. இதைப் படித்துவிட்டு அதைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

மருத்துவரிடம் வரும்போது வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும், இருமல் மருந்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். கடையில் சளி மாத்திரை கேட்கும்போதே புராஸ்டேட் வீக்கம், கண் அழுத்தம், மலச்சிக்கல் இருந்தால் சொல்லிவிடுங்கள். நீர் முட்டியும் பிரியாவிட்டாலோ, கண் சிவந்து வலித்துப் பார்வை மங்கினாலோ, திடீர்க் குழப்பம் வந்தாலோ, நள்ளிரவானாலும் 108-ஐ அழையுங்கள். அருகில் இருப்பவர்கள் ஸ்டான்லி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே போய்விடலாம். அந்தப் பையையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.