ரத்தத்தில் டோபமினைப் பார்த்தால் பார்க்கின்சன் தெரியுமா?

அப்பாவுக்குக் கை நடுங்குகிறது. பார்க்கின்சன் நோய், மூளையில் நரம்பு செல்கள் சேதி சொல்லப் பயன்படுத்தும் டோபமின் என்ற ரசாயனம் குறைந்துவிட்டது என்கிறார் டாக்டர். சரி, சுகர் பார்ப்பதுபோல ரத்தம் எடுத்து அதையும் பார்த்துவிடலாமே? நியாயமான கேள்விதான். ஆனால் பார்த்துப் பயனில்லை.

ரத்தத்திலும் டோபமின் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் குடலும் உடலின் நரம்புகளும் விட்டது. சாப்பாட்டைப் பொறுத்தும் மாறும். மூளையின் ரத்தக்குழாய்ச் சுவரில் செல்கள் இடைவெளியில்லாமல் ஒட்டிக்கொண்டிருப்பதால் டோபமினால் அதைக் கடக்க முடியாது. டோபமினையே மாத்திரையாகக் கொடுக்காமல் அதன் மூலப்பொருளான லெவோடோபாவைக் கொடுப்பது இதனால்தான். அது அமினோ அமிலம் என்பதால் சுவர் வழிவிடுகிறது. பூனைக்காலி விதையில் இருப்பதும் இதே லெவோடோபாதான்.

இந்தக் குறைவை 1960-ல் அளந்து காட்டியவர்கள் வியன்னாவில் இருந்த ஏரிங்கரும் ஹார்னிகியெவிச்சும். அளந்தது இறந்தவர்களின் மூளையில். உயிரோடு இருப்பவரிடம் அது நடக்காதே!

அதனால் மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஓடும் தண்டுவட நீரை, முதுகில் ஊசி குத்தி எடுத்துப் பார்த்தார்கள். அதில் தேடியது டோபமினை அல்ல, அது சிதைந்த பிறகு மிஞ்சும் ஹோமோவனிலிக் அமிலத்தை. அடுக்களைக்குள் போக முடியாதவர், வடித்துக் கொட்டிய கஞ்சியைப் பார்த்து எவ்வளவு சோறு வெந்தது என்று கணக்குப் போடுவது மாதிரி. சிகிச்சை தொடங்காத நோயாளிகளிடம் சராசரியாக இந்த அமிலம் குறைவாகத்தான் இருந்தது.

ஆனால் கணக்கு பல இடங்களில் உதைக்கிறது. மூளையின் உள்ளறைகளில் இந்த அமிலம் அதிகம். இடுப்புக்கு வருவதற்குள் பெரும்பகுதி ரத்தத்துக்குப் போய்விடும். ஆகவே ஊசியில் முதலில் சொட்டும் நீரைவிடப் பின்னால் வரும் நீரில் அளவு கூடும். எத்தனையாவது மில்லிலிட்டர் என்று குறிக்காத அளவை நம்பவே கூடாது. அப்புறம், செத்தவை போக மிஞ்சிய நரம்பு செல்கள் கூடுதலாக உழைக்கின்றன. டோபமின் குறைந்த அளவுக்குக் கழிவு குறைவதில்லை. லெவோடோபா சாப்பிட ஆரம்பித்தாலோ கழிவு ஏறிவிடும். கடைசியில் நோயாளியின் எண்ணும் நோயில்லாதவரின் எண்ணும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன.

இப்போது அதே நீரில் வேறொன்றைத் தேடுகிறார்கள்: பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் சேரும், உருக்குலைந்த ஆல்ஃபா சினியூக்ளின் என்ற புரதம். பாலில் உறை ஊற்றுவதுபோலத்தான் இந்தச் சோதனை. நல்ல புரதம் இருக்கும் குழாயில் நோயாளியின் தண்டுவட நீரைச் சேர்த்தால், அதிலுள்ள கெட்ட புரதம் மற்றதையும் தன்னைப்போல முறுக்கிவிடும். 2023-ல் வெளியான பெரிய ஆய்வில் பார்க்கின்சன் நோயாளிகளில் சுமார் 88 சதவீதம் பேரை இது பிடித்தது. எனக்கு இது டோபமின் கணக்கைவிட நம்பிக்கை தருகிறது. ஆனாலும் உறைந்ததா இல்லையா என்றுதான் சொல்லும். நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று சொல்லாது. அதற்கு டாக்டர் இன்னமும் அப்பாவை விரலைத் தட்டச் சொல்லி, நடந்து திரும்பச் சொல்லித்தான் பார்க்கிறார்.