டிராஃப்ட்: புகைபோக்கியின் இழுப்பு

கணப்படுப்பு பற்றிய தமிழ்க் குறிப்புகளில் ‘சிம்னி டிராஃப்ட்’ என்பதற்குப் ‘புகைபோக்கி வரைவு’ என்று இன்னும் எத்தனை முறை படிப்பது? ஆங்கிலத்தில் ‘டிரா’ என்ற வினைக்கு இழுத்தலும் பொருள், கோடு வரைதலும் பொருள். அதன் உறவுச் சொல்தான் டிராஃப்ட். சட்ட வரைவுக்கும் வங்கி வரைவோலைக்கும் உரிய பொருளை எடுத்துப் புகைபோக்கியில் ஒட்டிவிட்டார்கள்.

வரைவு பார்த்ததும் தெரிகிற பிழை. ‘காற்றோட்டம்’ சரிபோலத் தோன்றுவதால் அதைவிடக் கெடுதல். காற்றோட்டம் ஓட்டத்தின் பெயர், டிராஃப்ட் அழுத்த வேறுபாட்டின் பெயர். குழாய்க்குள் சூடான புகை இலேசு, வெளிக்காற்று கனம். அதனால் குழாயின் அடியில் அழுத்தம் குறைகிறது. 5 மீட்டர் உயரம், உள்ளே 200 டிகிரி, வெளியே 0 டிகிரி செல்சியஸ் என்றால் அந்த அழுத்தக் குறைவு கணக்குப்படி சுமார் 27 பாஸ்கல் (பாஸ்கல் அழுத்தத்தின் அலகு). உராய்வும் வளைவுகளும் அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். விறகடுப்புக்குப் பொதுவாக 12 பாஸ்கல் அளவில் வேண்டும். சூடான குழாயின் தடுப்புத் தகட்டை இறுக மூடினால் ஓட்டம் நிற்கும். ஆனால் தகட்டுக்கு மேலே அந்த அழுத்தக் குறைவு இருந்துகொண்டே இருக்கும்.

‘காற்றோட்டம் போதாவிட்டால் அடுப்பு புகையும்’ என்று படிப்பவர் சன்னலைத் திறப்பார். சமையலறை விசிறி வீட்டுக் காற்றை வெளியேற்றிக்கொண்டிருந்தால் அது உதவும். வெளிச்சுவரை ஒட்டி ஏறும் குழாய் குளிர்ந்து கிடந்தால் உதவாது. அப்போது பற்றவைக்கும் முன் செய்தித்தாளைச் சுருட்டிக் குழாய் வாயருகே எரித்துச் சூடேற்ற வேண்டும். காற்று வந்து மோதும் பக்கத்துக்கு மறுபக்கச் சன்னலைத் திறந்தால் புகை அறைக்குள் இன்னும் கூடலாம். தவிர, காற்றோட்டம் என்றால் கூடக்கூட நல்லது என்பதே நம் எண்ணம். டிராஃப்ட் மிகுந்தாலோ விறகு வேகமாக எரிந்து, வெப்பம் கூரைக்கு மேலே போய்விடும். இதையெல்லாம் எண்ணாமல் மொழிபெயர்க்கிறவர்கள் அடுப்புப் பக்கம் போனதுண்டா?

‘இழுவை’யும் வேண்டாம். நீர், காற்று போன்றவற்றின் ஓட்டத்தை ஆராயும் பாய்ம இயக்கவியலில் அது ஓட்டத்தைத் தடுக்கும் விசையின் பெயர். குழாயில் புகையை ஏற்றுவதற்கும் ஏறவிடாமல் தடுப்பதற்கும் ஒரே சொல்லா?

‘அடுப்பு இழுக்கவில்லை’ என்ற பேச்சிலேயே ‘இழுப்பு’ இருக்கிறது. மூச்சிழுப்புக்கும் அதே சொல்தான், ஆனால் இடம் பொருளைக் காட்டிவிடும். இழுப்பு குறைந்தால் புகையும் நச்சான கார்பன் மோனாக்சைடும் அறைக்குள் திரும்பும், குழாயில் கரிப்பிசின் படியும். இழுப்பைக் கட்டுப்படுத்துவது இழுப்புத் தகடு, அளப்பது இழுப்புமானி. ‘காற்றோட்டமானி’ என்று எழுதினால் கடைக்காரர் வேறு கருவியைத்தான் எடுத்துத் தருவார்.