க்யூரிங்: குணப்படுத்தலும் அன்று, நீராற்றலும் அன்று

மென்மையான கடற்களிமண்ணில் சிமெண்ட் கலந்து வலுவேற்றுவதைப் பற்றிய மொழிபெயர்ப்புக் கட்டுரை ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தேன். தெளிவாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மூன்றாம் பத்தியில் "மாதிரிகள் 28 நாட்கள் குணப்படுத்தப்பட்டன" என்ற வரி வந்தது. சிமெண்ட் கலந்த பொருளை ஈரமும் வெப்பமும் குறையாமல் வைத்துக் கெட்டிப்பட விடுவதை ஆங்கிலத்தில் க்யூரிங் என்பார்கள், அதைத்தான் இப்படி மொழிபெயர்த்திருந்தார்கள். அதற்குமேல் படிக்க மனம் வரவில்லை. மாணவர்களின் ஆய்வேடுகளிலும் கட்டுமானக் கையேடுகளிலும் இணையத்திலும் இதே சொல்லை எத்தனை முறை பார்த்துவிட்டேன்! க்யூரிங் என்றதும் மருத்துவமனை நினைவுக்கு வருகிறவர்கள், அந்த வரி மண்ணைப் பற்றியது என்பதை ஒரு நொடிகூட நினைத்துப் பார்ப்பதில்லை.

இதற்கும் நியாயம் சொன்ன ஒருவர் உண்டு. குணம் என்றால் பண்பு, மண்ணின் பண்பை மாற்றுவதால் அது குணப்படுத்தல் என்றார். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நிற்காது. இன்றைய தமிழில் குணப்படுத்தல் என்றால் நோய் தீர்த்தல் மட்டுமே. வேறு பொருளில் யாரும் அதைப் படிக்கப் போவதில்லை. தவிர, மண்ணின் பண்பை மாற்றுவது சிமெண்ட். க்யூரிங் என்பது அந்த மாற்றம் கெடாமல் நடந்து முடிவதற்காக நாம் செய்து தருகிற ஏற்பாடு.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் கூரா என்றால் அக்கறை, கவனிப்பு. நோயாளியைக் கவனிப்பது அதிலிருந்து வந்த ஒரு பொருள். மீனையும் இறைச்சியையும் உப்பிட்டுக் கெடாமல் வைப்பது இன்னொரு பொருள். புகையிலை, தோல், ரப்பர் என்று பரவி அந்தச் சொல் சிமெண்ட்டுக்கும் வந்து சேர்ந்தது. அருங்காட்சியகக் காப்பாளரைக் க்யூரேட்டர் என்பதும் இதே வேர்தான். ஆக, வேரில் இருப்பது கவனித்துக் காப்பது. நோய் தீர்ப்பது அதன் ஒரு கிளைதான்.

குணப்படுத்தல் வெளிப்படையான பிழை. யாரேனும் சுட்டிக்காட்டினால் திருத்திக்கொள்வார்கள். என் சண்டை அதைவிட மரியாதையாக உலவும் இன்னொரு சொல்லோடு: நீராற்றல். கான்கிரீட் பற்றிய பாடங்களில் இது ஊன்றிவிட்டது. கூரைத்தளம் போட்டபின் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிறோம், தூண்களில் சாக்கைச் சுற்றி நனைக்கிறோம். அந்த வேலைக்கு வைத்த பெயர் அது. கட்டடத் தொழிலாளர்கள் "தண்ணீர் விடுவது" என்றோ "நனைப்பது" என்றோதான் சொல்கிறார்கள். அவர்கள் பேச்சில் குழப்பமே இல்லை. ஏட்டுக்கு வந்தபோதுதான் குழப்பம் தொடங்கியது.

முதலில் சொல்லையே பாருங்கள். நீர், ஆற்றல் என்று பிரித்தால் நீரின் சக்தி. அணைக்கட்டையும் மின்சாரத்தையும் பற்றி எழுதுகிறவர்களுக்கும் இதே சொல் வேண்டியிருக்கிறது. நீர், ஆற்றுதல் என்று பிரித்தாலும் விடிவில்லை. குளித்துவிட்டுக் கூந்தலை ஆற்றுகிறோம் என்றால் ஈரத்தைப் போக்குகிறோம். பாலை ஆற்றினால் சூடு போகிறது. புண் ஆறினால் காய்ந்து தழும்பாகிறது. ஆறுதல் என்கிற இடத்திலெல்லாம் ஏதோ ஒன்று தணிகிறது, வற்றுகிறது. ஈரத்தைப் போகவிடாமல் பிடித்துவைக்கும் வேலைக்கு ஈரம் போவதைச் சொல்லும் வினையை ஏன் எடுக்க வேண்டும்?

கான்கிரீட்டோடு நின்றிருந்தால்கூட நான் இவ்வளவு மல்லுக்கட்டமாட்டேன். பழகிய சொல் என்று விட்டிருப்பேன். களிமண்ணுக்கும் அதையே தூக்கிக்கொண்டு வருகிறார்களே, அங்கேதான் பொருளே தலைகீழாகிறது.

கடற்களிமண்ணில் நீருக்குப் பஞ்சம் இல்லை. உலர்ந்த மண்ணின் எடையில் 80 விழுக்காடு நீர் இருப்பது அங்கே சாதாரணம். 100 விழுக்காட்டைத் தாண்டுவதும் உண்டு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உலர் எடை 1,000 கிலோ என்றால் அதனுள் 800 கிலோ நீர் இருக்கிறது. உலர் எடையில் 10 விழுக்காடு சிமெண்ட் சேர்த்தால் அது 100 கிலோ. ஒரு பங்கு சிமெண்ட்டுக்கு எட்டுப் பங்கு நீர். கான்கிரீட்டில் இந்த விகிதம் 0.4 முதல் 0.6 வரைதான். சிமெண்ட் முழுவதும் நீரோடு வினைபுரிந்து முடிய ஏறத்தாழ 0.4 போதும். தேவைக்கு இருபது மடங்கு நீர் ஏற்கெனவே உள்ளே நிற்கிறது. இதற்கு யார் போய் நீராற்றுவது?

களத்திலும் இதே கதைதான். தரையைத் தோண்டாமலே துளைத்து இறங்கி, சுழலும் அலகுகளால் மண்ணையும் சிமெண்ட்டையும் அந்த ஆழத்திலேயே கலக்கும் முறை 1970களில் ஜப்பானிலும் சுவீடனிலும் வளர்ந்தது. சுவீடனில் அப்போது கலந்தது சுண்ணாம்பு. கடல்மட்டத்துக்குக் கீழே, நீர் ஊறிய மண்ணுக்குள், பத்துப் பதினைந்து மீட்டர் ஆழத்தில் அந்தத் தூண்கள் கெட்டிப்படுகின்றன. ஜப்பானில் 2005இல் திறக்கப்பட்ட மத்திய ஜப்பான் விமான நிலையத் தீவை எழுப்பியபோது, தூர்வாரிய களிச்சேற்றைக் காற்றழுத்தத்தால் குழாயில் தள்ளிக்கொண்டே சிமெண்ட் கலந்து நிரப்பினார்கள். அங்கேயும் யாரும் தண்ணீர் தெளிக்கவில்லை. கலவைக்குத் தேவைப்பட்டவை நாட்கள், குலையாமல் கிடக்கும் அமைதி, போதிய வெப்பம்.

சொல் தவறாக இருந்தால் கையும் தவறு செய்யும் என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். 50 மில்லிமீட்டர் விட்டமும் 100 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட உருளைகளாக மாதிரிகளை வார்த்திருந்தோம். கருஞ்சாம்பல் களிமண், கலக்கும் முன் உள்ளங்கையில் ஒட்டினால் கழுவினாலும் போகாது. சிமெண்ட் சேர்ந்து சிறிது நேரத்திலேயே அந்தப் பிசுபிசுப்பு குறைந்து, விரலில் உதிரும் பதத்துக்கு வந்துவிட்டது. ஈரம் போகாதபடி பிளாஸ்டிக் படலம் சுற்றி 20 டிகிரி வெப்பத்தில் வைக்க வேண்டும் என்பது திட்டம். குறிப்பேட்டில் "நீராற்றல்: 7 நாள்" என்று எழுதியிருந்ததைப் படித்த மாணவர், படலம் சுற்றாமல் அவற்றைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கிவிட்டார். வார்த்து ஒரு நாள்கூட ஆகாத, சிமெண்ட் குறைவான மாதிரிகள். மறுநாள் தொட்டியின் அடியில் சாம்பல் நிற வண்டல் படிந்திருந்தது. உருளைகளின் விளிம்புகள் கரைந்து மழுங்கியிருந்தன. அந்த மாணவரை நான் கடிந்துகொள்ளவில்லை. அவர் எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே செய்தார்.

சில ஆய்வகங்கள் இத்தகைய மாதிரிகளை வேண்டுமென்றே நீருக்குள் வைப்பதும் உண்டு. களத்தில் மண் நீருக்கடியில் கிடப்பதால் அந்த நிலைமையை ஒத்திருக்கட்டும் என்பதே காரணம். சிமெண்ட்டுக்கு நீர் ஊட்டுவது நோக்கம் இல்லை.

அந்த 28 நாட்களில் என்னதான் நடக்கிறது? சிமெண்ட் நீரோடு வினைபுரிந்து பசைபோன்ற பொருளை உண்டாக்கிக் களித்துகள்களைப் பிணைக்கிறது. கூடவே கால்சியம் ஹைட்ராக்சைடும் பிறக்கிறது. அதிலிருந்து வரும் கால்சியம், களித்துகள்களின் மேல் ஒட்டியிருக்கும் சோடியத்தின் இடத்தைப் பிடிக்க, துகள்கள் திரள்கின்றன. காரத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 12ஐத் தாண்டும்போது களிமண்ணில் உள்ள சிலிக்காவும் அலுமினாவும் மெல்லக் கரைந்து கால்சியத்தோடு சேர்ந்து மேலும் பிணைப்பை உண்டாக்குகின்றன. இந்தக் கடைசி வேலை வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் நீளும். பக்கத் தாங்கல் இல்லாமல் அழுத்தினால் 20, 30 கிலோபாஸ்கல் அழுத்தத்திலேயே பிதுங்கிப்போகும் களிமண் பல நூறு கிலோபாஸ்கலைத் தாங்க நிற்பது இப்படித்தான். வெப்பம் கூடினால் வேகம் கூடும். மேலே சுமை இருந்தால் நீர் கொஞ்சம் பிழிந்து வெளியேறி வலிமை இன்னும் கூடும். நீரை ஊட்டினால் அன்று, நீர் வெளியேறினால் வலிமை கூடுகிறது! இந்தச் சுமைக்கு "நீராற்றல் அழுத்தம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். படிப்பவர் அதை அணைக்கட்டின் அழுத்தம் என்றுதான் எடுத்துக்கொள்வார்.

முதிர்வு என்று சொல்லலாமே என்பார்கள். நல்ல சொல். ஆனால் கான்கிரீட் துறையில் வெப்பத்தையும் காலத்தையும் சேர்த்துக் கணக்கிடும் மச்சூரிட்டி என்ற தனி அளவு இருக்கிறது. முதிர்வை அதற்கு விட்டுவைக்க வேண்டும். மேலும், முதிர்வது கலவை தானே செய்வது. க்யூரிங் நாம் செய்வது.

எனக்குச் சரியாகப் படும் சொல் பேணல். உடல்நலம் பேணுகிறோம், முதியோரைப் பேணுகிறோம். கெடாமல், குறையாமல், வேண்டியதைத் தந்து காப்பதுதான் பேணுவது. லத்தீன் வேரின் பொருளும் அதுவே. கான்கிரீட்டுக்குப் பேணல் என்றால் நனைப்பது, களிமண் கலவைக்குப் பேணல் என்றால் மூடிவைப்பது. இரண்டையும் ஒரே சொல் தாங்குகிறது. பராமரிப்போடு குழம்பாதா என்று கேட்டார்கள். கட்டி முடித்ததைப் பின்னால் பழுதுபார்த்து வைத்திருப்பதற்குப் பராமரிப்பு நன்றாக நிலைத்துவிட்டது. அதை யாரும் அசைக்கப் போவதில்லை. ஆய்வகத்துக்கு இது மிக மென்மையான சொல் என்றார் ஒரு நண்பர். ஒரு மாத காலம் வெப்பம் மாறாமல், ஈரம் போகாமல், அதிராமல் ஒரு பொருளை வைத்துக் காப்பதற்கு வேறு என்ன பெயர்?

தூய தமிழுக்காக நான் இதைச் சொல்லவில்லை. சிமெண்ட்டைச் சிமெண்ட் என்றுதான் எழுதுகிறேன், எல்லாருக்கும் புரிகிறது. புரியாத தமிழைவிடப் புரிகிற கடன்சொல் மேல். ஆனால் அகராதியின் முதல் வரியை அப்படியே எடுத்து ஒட்டுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. சுமையின்கீழ் களிமண்ணிலிருந்து நீர் மெல்ல வெளியேறி மண் அமுங்குவது ஆங்கிலத்தில் கன்சாலிடேஷன், அதற்கு "ஒருங்கிணைப்பு" என்று எழுதுகிறார்கள். இறுகல் என்ற சொல் கையருகே இருக்கிறது. கலக்கிப் பிசைந்தால் வலிமையைப் பெருமளவு இழந்துவிடும் களிமண்ணை ஆங்கிலத்தில் சென்சிட்டிவ் என்பதால் "உணர்ச்சிமிக்க களிமண்" என்று பெயர் வைக்கிறார்கள். குலைந்தால் தளரும் களிமண் என்று விரித்து எழுதினால் என்ன குறைந்துவிடும்? ஒரு கைப்பிடி களிமண்ணை எடுத்துப் பிசைந்து பார்த்தவர் அதை உணர்ச்சிமிக்கது என்று எழுதமாட்டார்.

பேணல் காலம், பேணல் வெப்பநிலை, பேணல் அழுத்தம் என்று எந்தக் கூட்டிலும் அது இடறாமல் சேர்கிறது, வினையாகவும் வளைகிறது. நான் மூடிவைத்த கட்டுரையின் வரியை இப்படி எழுதியிருக்கலாம்: மாதிரிகள் ஈரம் போகாதபடி மூடப்பட்டு, 20 டிகிரி வெப்பத்தில் 28 நாட்கள் பேணப்பட்டன.