நிகோடின் சிலரை மட்டும் ஏன் இறுகப் பிடிக்கிறது?

"மனசு வைத்தால் விட்டுவிடலாம்" என்று சொல்வது எளிது. ஆனால் ஒருவர் சட்டென்று விட்டுவிட, இன்னொருவர் ஆண்டுக்கணக்கில் திணறுவதற்கு உடம்புக்குள்ளேயே காரணம் உண்டு. நிகோடின் அடிமைத்தனத்தில் ஆளுக்கு ஆள் தெரியும் வேறுபாட்டில் ஏறக்குறைய பாதி மரபு வழி வருவது என்கின்றன இரட்டையர் ஆய்வுகள்.

கல்லீரலில் சிஒய்பி2ஏ6 என்றொரு நொதி இருக்கிறது. உடம்பில் சேரும் நிகோடினில் பெரும்பகுதியைச் சிதைப்பது இதுதான். இது வேகமாக வேலை செய்பவருக்கு ரத்தத்தில் நிகோடின் சீக்கிரம் வடிந்துவிடும். அடுத்த சிகரெட்டைக் கை தேடும். மெதுவாக வேலை செய்பவர் குறைவாகப் புகைக்கிறார், விடுவதும் அவருக்குச் சற்று எளிது. 15ஆவது குரோமோசோமில் உள்ள சிஹெச்ஆர்என்ஏ5 மரபணு வேறு வகை. நிகோடின் அளவு மீறினால் "போதும்" என்று குமட்டலாக உணர்த்தும் மூளை ஏற்பியில் (நிகோடின் வந்து ஒட்டும் புரதம்) அதற்குப் பங்கு உண்டு. அந்த மரபணுவை நீக்கிய எலிகள் மற்ற எலிகளைவிட மிக அதிகமாக நிகோடினை எடுத்துக்கொண்டன.

யோசிக்காமல் செயல்படும் சுபாவத்திலும் எளிதில் பதறும் சுபாவத்திலும் மரபுக்குப் பங்கிருக்கிறது. முதல் வகையினர் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சிகரெட்கூட வைக்கக் கூடாது. ஆசை பொங்கும் அந்தச் சில நிமிடங்கள்தான் அவர்களுக்கு ஆபத்து. பதற்றக்காரர்கள் முதல் வாரத்தின் எரிச்சலைத் தாங்காமல் திரும்புவார்கள். அவர்களுக்கு நிகோடின் சூயிங்கம் போன்ற மருந்துத் துணையை இடையில் நிறுத்தவே கூடாது.

இதற்கெல்லாம் மரபணுப் பரிசோதனை தேவையில்லை. பிடி எவ்வளவு இறுக்கம் என்று அறிய, காலையில் எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட் என்ற கேள்வி போதும். 30 நிமிடத்துக்குள் என்றால் 4 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம், அதற்குப் பிறகென்றால் 2 மில்லிகிராம். பலர் இதைச் சாதாரண சூயிங்கம் போல விடாமல் மென்று, விக்கலும் நெஞ்செரிச்சலும் வந்து, "எனக்கு ஒத்துவரவில்லை" என்று தூக்கிப் போடுகிறார்கள். காரமாகச் சுள்ளென்று உறைத்ததும் மெல்லுவதை நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்க வேண்டும். உறைப்பு அடங்கியதும் மீண்டும் மெல்ல வேண்டும். மொத்தம் அரை மணி நேரம். அதற்கு 15 நிமிடம் முன்பிருந்தே காபி, பழச்சாறு கூடாது. வாயின் புளிப்புத்தன்மை நிகோடினை உறிஞ்சவிடாது.

காபியில் இன்னொரு சிக்கல். சிகரெட் புகை, காஃபீனைச் சிதைக்கும் நொதியைத் தூண்டிவிடுகிறது. புகையை நிறுத்தினால் அதே இரண்டு கப் காபி உடம்பில் கூடுதல் நேரம் தங்கும். படபடப்பும் தூக்கமின்மையும் வர, சிகரெட் இல்லாததால்தான் என்று நினைத்துப் பற்றவைத்துவிடுவார்கள். காபியைப் பாதியாகக் குறையுங்கள். குளோசபின், ஓலன்சபின் என்ற மனநோய் மருந்துகளை எடுப்பவர்கள் புகையை நிறுத்தும் நாளை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அந்த மருந்துகளின் அளவும் ரத்தத்தில் ஏறும்.