ஜப்பானிய வாளின் வயதைத் துருவே சொல்லும்

1945இல் ஜப்பான் சரணடைந்தபோது, ஜப்பானிய அதிகாரிகள் தம் வாள்களை ஒப்படைத்தே ஆக வேண்டும் என்பதில் தென்கிழக்காசிய நேச நாட்டுப் படைத் தலைவர் மவுண்ட்பேட்டன் பிடிவாதமாக இருந்தார். ஜப்பானியத் தளபதி தெராவுச்சியே அவ்வாண்டு நவம்பர் 30 அன்று சைகோனில் தம் வாள்களை அவரிடம் கொடுத்தார். இப்படிக் கைமாறி, படைவீரர்களின் பெட்டிகளில் பல நாடுகளுக்குப் போன வாள்கள் இன்று பேரப்பிள்ளைகளிடம் இருக்கின்றன. அவற்றின் வயதை உறையையும் கைப்பிடியையும் பார்த்துச் சொல்ல முடியாது. அதிகாரிகள் வாளைத் தம் செலவில் வாங்க வேண்டியிருந்ததால், பரம்பரை வாள் வைத்திருந்தவர்கள் அதையே 1934 அல்லது 1938ஆம் ஆண்டு ராணுவ மாதிரி உறையில் பொருத்திக்கொண்டனர்.

1935ஆம் ஆண்டு மாதிரியில் குழப்பமில்லை. கீழ்நிலை அலுவலர்களுக்காகத் தொழிற்சாலையில் செய்யப்பட்ட அந்த வாளின் அலகில் வரிசை எண் இருக்கும். கைப்பிடியும் பெரும்பாலும் கயிறு சுற்றியதுபோல் வார்த்த உலோகந்தான்.

மற்றவற்றுக்குக் கைப்பிடியைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். அதைப் பிடித்து நிறுத்தும் சிறு மூங்கில் ஆணி ஒரு பக்கம் சற்று மெலிந்திருக்கும்; மெலிந்த பக்கத்திலிருந்து தட்டினால் வெளியே வந்துவிடும். உள்ளே இருக்கும் இரும்புக்கு நாகாகோ என்று பெயர். கொல்லர் அதை அரத்தால் ராவியதோடு விட்டுவிடுவார், மெருகிடுவதில்லை. ஆகவே நூற்றாண்டுகள் செல்லச் செல்ல அங்கே அடர்ந்த கருந்துரு படிந்து, அரத்தின் கோடுகள் மங்குகின்றன. போர்க்கால வாளிலோ கோடுகள் கூர்மையாகவும் துரு மெலிதாகவும் இருக்கும். கொல்லரின் பெயர் பொறித்த பள்ளங்களுக்குள்ளும் சுற்றிலும் உள்ள அதே துரு இருக்க வேண்டும். சுற்றிலும் கறுத்திருக்க, எழுத்து மட்டும் பளிச்சென்று தெரிந்தால், புகழ்பெற்ற கொல்லரின் பெயரைப் பிற்காலத்தில் யாரோ வெட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். அழுக்கென்று நினைத்து உப்புத்தாளால் தேய்ப்பவர் இந்தச் சான்றுகள் அனைத்தையும் அழித்துவிடுகிறார். இதைவிடப் பெரிய கேட்டை ஒரு வாளுக்கு யாரும் செய்துவிட முடியாது.

நாகாகோவின் மறுபக்கத்தில் சில நேரம் தேதி இருக்கும். ஷோவா என்பது 1926இல் தொடங்கிய பேரரசர் ஹிரோஹிட்டோவின் ஆட்சிக்காலம்; ஷோவா 17 என்றிருந்தால் 1925ஐக் கூட்டி 1942 என்று கொள்ளலாம். ஷோவா முத்திரையோ, வாள் தயாரிப்புக்குப் பெயர்பெற்ற செகி நகரின் முத்திரையோ இருந்தால், அது பெரும்பாலும் மரபு முறையில் செய்யப்படாத போர்க்கால வாள். நட்சத்திர முத்திரையோ ராணுவம் நியமித்த கொல்லர்களின் மரபு வேலையைக் குறிக்கும்.

அடுத்து, அலகை ஒற்றை விளக்கை நோக்கிச் சாய்த்துப் பார்க்க வேண்டும். முதுகில் தடிப்பாகவும் வெட்டும் விளிம்பில் மெலிதாகவும் களிமண் பூசி, பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்க்கும்போது, விரைந்து குளிரும் விளிம்பு மார்ட்டென்சைட் எனும் கடினப் படிக அமைப்பாக மாறுகிறது. மெல்லக் குளிரும் முதுகு மென்மையாகவே நிற்கிறது. மார்ட்டென்சைட்டுக்குக் கூடுதல் இடம் தேவைப்படுவதால் விளிம்பு நீண்டு, வாள் பின்னோக்கி வளைகிறது. இரண்டும் சந்திக்கும் வெண்ணிற எல்லையே ஹாமோன். தண்ணீரில் தோய்த்த வாளில் அந்த எல்லையையொட்டி வெறுங்கண்ணுக்கே மினுங்கும் துகள்கள் தென்படலாம். விரிசல் விழாமலிருக்க எண்ணெயில் தோய்த்த போர்க்கால வாளில் அந்த மினுக்கம் பொதுவாக இருப்பதில்லை.

முடிவான தீர்ப்புக்கு, 1948இல் தொடங்கப்பட்ட ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கத்தின் நிபுணர் குழுவை நாடலாம். போலிப் பெயர் பொறித்த வாளுக்கு அது சான்றிதழ் தராது. ஆனால் வாளை ஜப்பானுக்கு அனுப்புமுன் யோசிக்க வேண்டும். மரபு முறையில் செய்த வாளை மட்டுமே அங்கே பதிவு செய்ய முடியும். தொழிற்சாலை வாளாக இருந்தால் அது திரும்பி வராமலே போகலாம்.